தோலில் தெரிவதெல்லாம் உள்ளே இருக்கும் நோயின் அறிகுறியா?

கார்முகில்:

வீட்டில் இரண்டு பேருக்குத் தோல் தொந்தரவு, இரண்டையும் ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. சில மாதங்களாக உடம்பு முழுக்க அரிப்பு. தடிப்பு, படை, கொப்புளம் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அவர் சொறிந்த கோடுகள்தான் இருக்கின்றன. ராத்திரியில் அதிகமாகிறது. களிம்பு மாற்றி மாற்றிப் போட்டாயிற்று. அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, அரிப்பு அப்படியே இருக்கிறது. தூக்கத்திலேயே சொறிந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

தங்கைக்கு 19 வயது. கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் கருத்துப்போய்க் கொஞ்சம் தடித்தும் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் "சரியாகத் தேய்த்துக் குளி" என்கிறார்கள். அவளும் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிய ஆரம்பித்துவிட்டது, கருப்பு போகவில்லை.

உறவுக்காரர்கள் இரண்டுக்குமே "உள்ளே என்னவோ இருக்கிறது, அதுதான் தோலில் காட்டுகிறது" என்று பயமுறுத்துகிறார்கள். இது உண்மையா? உண்மை என்றால் எந்தப் பரிசோதனை செய்யவேண்டும்? சும்மா எல்லா டெஸ்ட்டையும் எடுத்துப் பார்ப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:

தோல் என்பது உடம்பின் கழிவு வெளியேறும் வழி. ரத்தம் கெட்டுப்போனால்தான் அரிப்பும் கருமையும் வரும். மேலே களிம்பு தடவினால் வெளியே வரவேண்டியது உள்ளே அமுங்கிப் போய் வேறு உறுப்பைத் தாக்கும். என் தங்கை மகனுக்குச் சின்ன வயதில் கரப்பான் இருந்தது, களிம்பு போட்டு அடக்கினார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் ஆஸ்துமா வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ரத்தத்தைச் சுத்தம் செய்யப் பாருங்கள் தம்பி.

நுண்ணோக்கி:

நான் தோல் மருத்துவர். கார்முகில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு ஐயாவின் கருத்துக்கு வருகிறேன்.

பெரும்பாலான தோல் நோய்கள் தோலோடு நிற்பவை. படர்தாமரை பூஞ்சையால் வருவது, பருவுக்கும் பொடுகுக்கும் கல்லீரலைக் குறை சொல்லவேண்டியதில்லை. ஆனால் உள்ளுறுப்பு நோய் தோலில்தான் முதலில் தெரியும் என்கிற சந்தர்ப்பங்களும் நிஜமாகவே உண்டு. நீங்கள் சொன்ன இரண்டுமே அந்த வகையில் வரக்கூடியவை என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா விஷயத்தில் நீங்கள் எழுதிய முக்கியமான வரி, தடிப்பு எதுவும் இல்லை, சொறிந்த கோடுதான் என்பது. அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில், கை எட்டாத இடத்தில் மட்டும் தோல் சுத்தமாக இருந்து, கை எட்டுகிற இடத்தில் எல்லாம் கீறலும் கருந்தழும்பும் இருந்தால், தழும்புகள் முழுக்கச் சொறிந்ததால் வந்தவை, தோலில் தனியாக நோய் இல்லை என்று அர்த்தம். தோல் நோய்க்குக் கை எட்டும் எட்டாது என்கிற கணக்குக் கிடையாது. விரல் நகங்களையும் பாருங்கள். மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து நகம் பாலிஷ் போட்டது போலப் பளபளவென்று ஆகியிருக்கும்.

அதற்கு முன்பு இரண்டைக் கண்டிப்பாக விலக்கவேண்டும். ஒன்று வறண்ட தோல், வயதானவர்களின் அரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். சோப்பைக் குறைத்து, குளித்த ஈரத்தோடே ஈரப்பதக் களிம்பை நிறையத் தடவி இரண்டு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று சொறி சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ். ராத்திரியில் அதிகமாகிற அரிப்பு என்றால் இதை மறக்கவே கூடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், இடுப்பு, பிறப்புறுப்பு இங்கெல்லாம் சிறு பருக்கள் இருக்கின்றனவா, வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், ஓபியாய்டு வகை வலி மருந்துகளும் தடிப்பே இல்லாமல் அரிப்பை உண்டாக்கும்.

இவை எதுவும் இல்லை என்றால் உள்ளே தேடவேண்டும். எல்லா டெஸ்ட்டும் வேண்டாம். முழு ரத்த எண்ணிக்கை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கல்லீரல் செயல்பாடு, சிறுநீரகத்துக்கு யூரியா கிரியாட்டினின், தைராய்டு, சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே. தொடக்கத்துக்கு இது போதும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பித்தநீர் வடிவது தடைபட்டால் மஞ்சள் காமாலை கண்ணில் தெரிவதற்குப் பல மாதம் முன்பே அரிப்பு வரலாம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகமாக இருக்கும். அந்த அரிப்பை, அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமின் உண்டாக்குவதில்லை. அதனால் அலர்ஜி மாத்திரை தூங்க வைக்குமே தவிர அரிப்பைத் தொடாது. அப்பாவுக்கு நீங்கள் சொன்னதும் இதுதான். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இப்படித்தான். ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்ற நோயில் குளித்து முடித்ததும் தோலில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஊசி குத்துவது போல அரிக்கும், பலர் அதைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அரிப்போடு இரவு வியர்வை, காய்ச்சல், எடை குறைதல் சேர்ந்து வரலாம், எக்ஸ்ரே அதற்காகத்தான். இரும்புச்சத்துக் குறைவும் அரிப்பைத் தரும், பட்டியலில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். பயப்படுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அரிப்புக்காக வருகிற பெரும்பாலானவர்களிடம் இவற்றில் எதுவும் இருக்காது. ஆனால் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் களிம்பு மாற்றிக்கொண்டே இருப்பது சரியல்ல.

தங்கைக்கு இருப்பது அழுக்கு இல்லை. தயவுசெய்து தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதியான இன்சுலின் தோல் செல்களில் வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பிகளையும் தூண்டிவிட, மடிப்புகளில் தோல் தடித்துக் கருக்கிறது. சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே இது தெரிய ஆரம்பித்துவிடும், அதுதான் இதன் பெரிய உபயோகம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள்.

ஐயா, இப்போது உங்களுக்கு. ரத்தத்தின் கெடுதல் தோல் வழியாக வெளியேறுகிறது, அதை அடைத்தால் உள்ளே போகும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கவே இருந்தது. ஐரோப்பிய மருத்துவர்களும் 19ஆம் நூற்றாண்டில்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்ற மருத்துவர் சிரங்குப் பூச்சியைத் தன் தோலிலேயே விட்டுப் பார்த்தார். சிரங்கு வந்தது. தோலில் இருந்த பூச்சியைக் கொன்றதும் போய்விட்டது. கெட்ட ரத்தம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. தோலும் உள்ளுறுப்பும் தொடர்புள்ளவை என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தத் தொடர்பு ஹார்மோன் வழியாகவும் நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகவும் நடக்கிறது. கழிவு வெளியேறுவதால் வருவதில்லை.

ஈரநிலா:

கார்முகில், உங்கள் தங்கை இதைப் படிப்பாள் என்றால் அவளுக்காகவே எழுதுகிறேன். எனக்கும் கல்லூரி நாட்களில் இதே கழுத்துத்தான். புகைப்படம் எடுத்தால் துப்பட்டாவை ஏற்றி விட்டுக்கொள்வேன். வெளுக்க வைக்கிற க்ரீம் எல்லாம் போட்டுத் தோல் புண்ணானதுதான் மிச்சம். கையால் தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும், கூடவே கழுத்தில் சின்னச் சின்ன மருக்கள். கடைசியில் மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று போன இடத்தில்தான் ஒரு மகளிர் மருத்துவர் கழுத்தைப் பார்த்ததும் "இது எத்தனை நாளாக?" என்று கேட்டார். பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு, இருந்தது. அதனால் உங்கள் தங்கையிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று அம்மாவையோ அக்காவையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அண்ணனிடம் சொல்லக் கூச்சப்படுவாள்.

எனக்கு எடை கொஞ்சம் குறைந்ததும் தொட்டால் தெரிகிற தடிப்பு முதலில் போனது, நிறம் அப்புறம் மெல்ல மெல்ல மங்கியது, முழுசாகப் போகவில்லை. ஆனால் இனி அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அழுக்கு என்று சொல்கிறவர்களை வீட்டில் யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசவேண்டும். அது நீங்களாக இருங்கள்.

பழைய வாசகன்:

டாக்டர் சொல்வது புரிகிறது. ஆனால் கரப்பான் அடங்கியதும் ஆஸ்துமா வந்ததை என் கண்ணால் பார்த்தேனே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நுண்ணோக்கி:

நீங்கள் பார்த்தது உண்மைதான் ஐயா, இதே வரிசையைப் பல குழந்தைகளிடம் நாங்களும் பார்க்கிறோம். முதலில் தோலில் எக்சிமா, அதாவது நீங்கள் சொன்ன கரப்பான், பிறகு உணவு ஒவ்வாமை, அதன் பின் ஆஸ்துமா, மூக்கொழுகல் தும்மல். எல்லாக் குழந்தைக்கும் வராது, ஆனால் எக்சிமா கடுமையாக இருந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். ஃபிலாக்ரின் என்ற புரதம் தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கிறது, அதற்கான மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வருகிற வாய்ப்பு கூடுகிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். ஒழுகுகிற தோல் வழியாகத் தூசியும் உணவுத் துகளும் உள்ளே புகுந்து, நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. பிறகு அதே பொருள் மூச்சுக்குழாயில் படும்போது அங்கேயும் சண்டை. அதாவது களிம்பு போட்டதால் நோய் உள்ளே போகவில்லை. உடைந்த தோலைச் சரியாக மூடாமல் விடுவதுதான் கெடுதல். உங்கள் தங்கை மகனின் பெற்றோர் குற்ற உணர்வோடு இருந்தால் தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கண்டபடி பூசுவது ஆபத்துதான். தோல் மெலிந்துபோகும், பூஞ்சை நோய் உருமாறி அடையாளமே தெரியாமல் பரவும்.

சாம்பல்குருவி:

இழை கொஞ்சம் திசை மாறினாலும் பரவாயில்லை, சோரியாசிஸ் உள்ளவர்களுக்காக இதைச் சொல்லியே ஆகவேண்டும். எனக்குப் பல வருஷமாக முழங்கையிலும் தலையிலும் வெள்ளிச் செதில். களிம்பு, வெயில், மறுபடி களிம்பு என்றே ஓடியது. விரல்கள் காலையில் மடங்க மறுத்தன, குதிகால் எழுந்ததும் வலித்தது, அதை வயது, வேலை என்று விட்டுவிட்டேன். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஒரு மூட்டு வாத மருத்துவர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். சோரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம், பெரும்பாலும் தோல் முதலில், மூட்டு வருஷங்கள் கழித்து. நான் தாமதமானதால் ஒரு விரல் கோணலாகவே நின்றுவிட்டது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைப்பாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டர், இதயத்துக்கும் ஆபத்து என்று படித்தேன், அது உண்மையா?

நுண்ணோக்கி:

உண்மை. குறிப்பாகக் கடுமையான சோரியாசிஸில் மாரடைப்பு வாய்ப்பு கூடுகிறது. தோலில் நடக்கிற அதே அழற்சிதான் ரத்தக் குழாயிலும் வேலை செய்கிறது, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 17 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை இவற்றைத் தோல் மருத்துவரே கேட்கவேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அப்புறம், யாராவது சீக்கிரம் சரியாகும் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதை நிறுத்தும்போது சோரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக உடம்பு முழுக்க வெடித்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைப் படிக்கிறவர்களுக்காக இன்னும் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு வரும் சிவப்புப் புள்ளிகள் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், நிறம் மறையவில்லை என்றால் தோலுக்குள் ரத்தக் கசிவு, அன்றே அவசரப் பிரிவு. புது மாத்திரை ஆரம்பித்த சில வாரத்துக்குள் தோல் வலித்து, உரிந்து, வாயும் கண்ணும் புண்ணானாலும் அப்படியே. கன்னங்களிலும் மூக்கின் மேலும் வெயிலில் சிவக்கும் தடிப்பு, மூக்கோரக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு வந்தால் லூபஸ், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய், இருக்கலாம், உடனே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் வலிக்காமலே கெடும். முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கிற சிவப்பு முடிச்சுகள் காசநோயாலும் வரலாம், குடல் அழற்சியாலும் வரலாம். மேல் இமையில் ஊதா நிறமும் விரல் முட்டிகளில் சிவப்புத் திட்டும் தோன்றி, மாடி ஏறத் தொடை தளர்ந்தால் டெர்மடோமயோசைட்டிஸ் என்ற தோல், தசை அழற்சி நோயாக இருக்கலாம், பெரியவர்களுக்கு அது வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். தங்கைக்கு உள்ள அதே கழுத்துக் கருமை, ஒல்லியான நடுவயதுக்காரருக்குத் திடீரென்று வந்து, உள்ளங்கையும் வாயும் தடித்து, எடையும் குறைந்தால் அது வேறு கதை, இரைப்பையை உடனே பார்க்கவேண்டும். தங்கைக்கு அது இல்லை, குழப்பிக்கொள்ளவேண்டாம்.

கார்முகில்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவின் முதுகைப் பார்த்தேன். டாக்டர் எழுதியபடியே நடுவில் மட்டும் சுத்தமாக இருக்கிறது, சுற்றிலும் கோடு கோடாகக் கீறல். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை, விரல் இடுக்கிலும் ஒன்றும் இல்லை. ஈரப்பதக் களிம்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை, அதனால் மருத்துவரிடம் அழைத்துப் போய் ரத்தம் கொடுத்தோம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் சரி. ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8 என்று வந்திருக்கிறது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதுதானா காரணம், அவ்வளவுதானா என்று நிம்மதியாக இருக்கிறது.

தங்கைக்கு மூன்று மாதச் சராசரி 6.1. ஈரநிலா அக்கா எழுதியதை அவளிடம் காட்டினேன், ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை விட்டுவிட்டாள்.

நுண்ணோக்கி:

தங்கையினுடையது நீரிழிவு இல்லை, அதற்கு முந்தைய நிலை. 5.7 முதல் 6.4 வரை இந்தக் கட்டம். இப்போதிருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன் தெரியும், தினமும் வேகமாக நடந்தால் எடை குறையாவிட்டாலும் இன்சுலின் வேலை செய்வது மேம்படும். பிசிஓஎஸ் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

அப்பா விஷயத்தில் மட்டும் அவ்வளவுதானா என்று விட்டுவிடாதீர்கள். இரும்புக் குறைவு அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் இரும்பு ஏன் குறைந்தது என்பது இன்னும் தெரியவில்லை. இந்த வயது ஆணுக்கு ஃபெரிட்டின் 8 என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்வோம். அது புண்ணாக இருக்கலாம், பெருங்குடலில் கட்டியாகவும் இருக்கலாம், கட்டியாக இருந்தால் இப்போதே கண்டுபிடிப்பதற்கும் ஒரு வருஷம் கழித்துக் கண்டுபிடிப்பதற்கும் மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டால் சரியாகிவிட்டது என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதுதான் என் பயம். மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாரா, ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா, மலம் கருப்பாகப் போனதா, மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடல், இரைப்பை மருத்துவரிடம் போய் மேலே இரைப்பையைக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, கீழே பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டும் தேவையா என்று நேராகக் கேளுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் செலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், அதில் இரும்பு உறிஞ்சப்படாமல் போகும்.

இரும்பு மாத்திரையை ஆரம்பித்துவிடலாம், அரிப்பு தணிய சில வாரங்கள் ஆகலாம். மாத்திரை போட்டால் மலம் கருக்கும் என்பதால், அதற்கு முன்பே கருப்பாக இருந்ததா என்பதை இன்றே அவரிடம் கேட்டுவிடுங்கள். கொலோனோஸ்கோபிக்குச் சில நாள் முன்பு இரும்பை நிறுத்தச் சொல்வார்கள், தேதி கிடைத்ததும் எத்தனை நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.